மூடிக் கிடக்கும் குகைக்குக் கட்டணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: ஜனவரி ஜப்பான் தொகுப்புப் பயணிகள் மூவர், சென்னை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஜப்பானின் சிச்சிபு நகரத்து ஹாஷிதாதே சுண்ணாம்புக்கல் குகை – வாங்கிய கட்டணமும் தவறான விளம்பரமும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஜனவரித் தொகுப்பில் "ஹாஷிதாதே குகை, கோயில்" என்று ஒரு பகல் பயணத்தைச் சேர்த்து, அதற்குத் தனியாகத் தலைக்கு 2,400 ரூபாய் வாங்கினீர்கள். அந்தக் குகை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய மூடியிருக்கும். தங்கள் வழிகாட்டி வாசலில் வந்து நின்று "வானிலை சரியில்லை" என்றார். அன்று நல்ல வெயில். இது வழக்கமான குளிர்கால மூடல். முன்பதிவுக்கு முன்பே தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

திறந்திருக்கும் மாதங்களிலும் தங்கள் விளம்பரத்தை நம்பிப் போகிறவர் சிரமப்படுவார். "முதியோருக்கும் கைக்குழந்தையுடன் வருவோருக்கும் ஏற்ற எளிய நடை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இது செங்குத்தாக மேலேறும் குகை. பாதை சுமார் 140 மீட்டர்தான், ஆனால் உள்ளே ஏறும் உயரம் 30 மீட்டர் அளவுக்கு வரும். ஏணி போன்ற படிகளில் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்துத்தான் ஏற முடியும். பல இடங்களில் குனிந்தும் உடலைத் திருப்பியும் நுழைய வேண்டும். மேலிருந்து சொட்டும் நீரில் படி வழுக்கும். குழந்தையை மார்பில் கட்டியவரும் முதுகுப்பை சுமப்பவரும் நடுவில் சிக்கினால், பின்னால் வருபவர்களும் நிற்க வேண்டியதுதான். முட்டிவலிக்காரர், சேலை கட்டியவர், குதிகால் செருப்பு போட்டவர் ஆகியோரிடம் பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்தில் உள்ள படம் இந்தக் குகையே அல்ல. படிப்படியாக நீர் தேங்கிய வயல் போன்ற அந்தப் பாறைத் தட்டுகள், யமகுச்சி மாகாணத்து அகியோஷிதோ குகையில் உள்ளவை. ஹாஷிதாதேயோ தோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில், புகோ மலையடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் உரயமகுச்சி. குழப்பம் அங்கே தொடங்கியிருக்கலாம். "உள்ளே படம் எடுத்து மகிழலாம்" என்ற வரியையும் நீக்குங்கள். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை.

நேரக் கணக்கும் பொருந்தவில்லை. தோக்கியோவின் இகேபுகுரோ நிலையத்திலிருந்து செய்பு-சிச்சிபு நிலையம் வரை விரைவு ரயிலில் சுமார் 80 நிமிடம். அங்கிருந்து ஓஹனாபதாகே நிலையத்துக்கு நடந்து, சிச்சிபு ரயில்வேயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் உரயமகுச்சி. பிறகு கோயிலுக்குக் கால் மணி நேரத்துக்குக் குறையாத ஏற்ற நடை. இறங்கியதிலிருந்து திரும்ப ரயிலேறும் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தத் தடத்தில் மணிக்கு ஒன்றிரண்டு ரயில்தான். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே சரிந்துவிடும். ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்.

கோயிலை "ஹயக்ரீவர் சந்நிதி" என்று விற்றது இன்னொன்று. ஹாஷிதாதே-தோ என்னும் இந்தப் பௌத்தக் கோயில், சிச்சிபுவின் 34 கன்னோன் (அவலோகிதேஸ்வரர் என்ற கருணைப் போதிசத்துவர்) தலங்களில் 28ஆவது. மூலவர் பாதோ கன்னோன், அதாவது குதிரைத் தலை அவலோகிதேஸ்வரர். பௌத்தத்தில் இவருக்கும் ஹயக்ரீவர் என்றே பெயர் உண்டு. ஆனால் திருவஹீந்திரபுரத்து ஹயக்ரீவரை மனத்தில் வைத்து வருபவருக்கு அந்த ஒற்றை வரி தவறான எதிர்பார்ப்பைத் தரும். கோயிலுக்குப் பின்னே ஓங்கி நிற்கும் சுண்ணாம்புக்கல் பாறைச் சுவரைப் பற்றியோ, யாத்திரிகர் இக்குகையைக் தாயின் கருப்பைக்குள் சென்று மீளும் பயணமாகக் கருதி நுழைந்து வந்ததைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொல்லியே விற்றிருக்கலாம்.

ஆகவே, மூவருக்கும் வாங்கிய 7,200 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தரவும். பெரியவருக்கு 200 யென் என்றிருக்கும் குகை டிக்கெட் பணத்தை மட்டும் திருப்பித் தருவதாக வழிகாட்டி சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. அந்தப் பயணம் குகைக்காகவே விற்கப்பட்டது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள தொகுப்புகளிலிருந்து குகையை நீக்கி, படத்தையும் மேற்கண்ட வரிகளையும் திருத்தவும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வப் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம்.

இணைப்பு: ரசீது நகல், விளம்பரத் தாள் நகல்.

இப்படிக்கு,
பயணிகள் மூவர்