செல்ஃப் எடுக்காத வண்டி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே அனைவருக்கும் மகிழ்ச்சி. உன் தங்கை அதைப் பற்றித் தனியே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் நேரே வண்டி விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் சொன்னபடி புதிய செல்ஃப் மோட்டாருக்கு முன்பணம் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைச் சற்று நிறுத்தி வை.

சாவியைத் திருப்பினால் 'டக டக டக' என்று சத்தம் தொடர்ந்து கேட்பதாகவும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கிவிடுவதாகவும் நீ எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் தலையில் உள்ள சோலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சுக்குச் சிறிதளவு மின்சாரம் போதும் என்பதால் அது உடனே இழுத்துக்கொள்ளும். ஆனால் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேலே கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, சோலினாய்டு விட்டுவிடும், சுமை நீங்கியதும் அழுத்தம் மீண்டு மறுபடி இழுக்கும். நீ கேட்பது இந்த இழுபறியைத்தான். மோட்டாரே பழுதென்றால் பெரும்பாலும் ஒரே ஒரு கனத்த 'டக்' கேட்கும், விளக்குகளும் அவ்வளவாக மங்காது. ஆகவே மோட்டார் மீது சந்தேகப்பட வேண்டியது கடைசியில்தான்.

முதலில் பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார், 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே போனால் அனேகமாகக் காலி. சாவியைத் திருப்பும்போதும் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. திருச்சி வெயிலில் ஆண்டுக்கணக்கில் வெந்த பேட்டரி அது. வெப்பம் உள்ளுக்குள் அரித்ததைக் குன்னூர்க் குளிர்தான் வெளியே காட்டும், ஏனெனில் குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிற அதே வேளையில் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டு, சுழற்றுவதற்கு அதிக வலு தேவைப்படுகிறது.

மீட்டர் 12.6 காட்டியும் சத்தம் அதேபோல இருந்தால் டெர்மினலைக் கவனி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மற்றொன்றை அதைப் பற்றியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, என் தங்கையைச் சாவி திருப்பச் சொல். அரை வோல்ட் அளவுக்குக் காட்டினால் மின்சாரம் அந்த இடுக்கிலேயே வீணாகிறது என்று அர்த்தம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியை, சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரையும் இப்படியே சோதித்துவிடு. பல மெக்கானிக்குகள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றாமல் போனால்தான் பெட்ரோல் பம்ப், ஸ்பார்க், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவி என்று தேட வேண்டும். உன் வண்டிக்கு இப்போது அது தேவையில்லை.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதென்றால், பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் கொடுத்துவிட்டு, கறுப்புக் கேபிளின் கடைசி முனையை உன் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டு. பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வண்டி ஓடத் தொடங்கியதும் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை வருகிறதா என்று பார். வராவிட்டால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதிய பேட்டரி வாங்கினால் அதுவும் இதே கதிக்கு வரும். மார்க்கெட் வரை போய்த் திரும்புகிற ஓட்டம் மட்டும் என்றாலும் பேட்டரி நிறையாது; அவ்வப்போது மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிட்டு வா.

அளந்த எண்களை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. அதுவரை மெக்கானிக்கிடம் பிடிகொடுக்காமல் பேசு.

அன்புடன்,
உன் நண்பன்