ஒன்றரைக் கட்டையில் நால்வர்

சேலம், செவ்வாய்ப்பேட்டை
ஆவணி, ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆவணி முகூர்த்தம் தொடங்கியதும் கொலுசு ஆர்டர் குவிந்துவிட்டது. பட்டறையில் ராத்திரி பத்து மணி வரை வேலை. இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னை விசாரித்தாள். சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "நம்ம ஊரில் ஹார்ட் ராக் பேண்டா? யாரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்?" என்று எழுதியிருந்தாய். இரண்டு வருடமாக என் பட்டறையின் மாடியில்தான் அவர்கள் பயிற்சி செய்கிறார்கள். கீழே தீக்குழாய், மேலே டிரம்ஸ். தினமும் கேட்கிறவன் என்பதால் விவரமாகவே சொல்ல முடியும்.

நால்வர். பேண்டுக்கு இன்னும் பெயர் இல்லை. மூன்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூட நால்வருக்கும் ஒத்துவரவில்லை.

கித்தார் வாசிக்கிறவன் என் பட்டறைப் பையன்தான். கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற வேலை. சூட்டிலேயே பழகி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. முதன்முதலில் கித்தாரைக் கையில் கொடுத்தபோது, கம்பி வெட்டுகிறது என்று எல்லோரும் முகம் சுளிப்பார்களே, அவன் சுளிக்கவே இல்லை. அவனுக்கு எல்லாமே இங்கிலாந்தின் பிளாக் சாபத் பேண்டில் கித்தார் வாசித்த டோனி ஐயோமிதான். ஏன் என்று கேட்டேன். "அவரும் பட்டறைக்காரர்தானே அண்ணா" என்றான். பர்மிங்காமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில், 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று, ஐயோமியின் வலது கை நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டன. அவர் இடது கைக்காரர். அதனால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். அந்த ஆலையின் மேலாளர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கித்தார் உலகையே அசைத்தவர் ஜாங்கோ. அதைக் கேட்டுவிட்டு ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். பட்டறைக்காரனுக்கு வருகிற யோசனைதானே அது! நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்புறம் அவர் விரலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கம்பியையும் தளர்த்தினார். 1971இல் மூன்று அரைச்சுருதி இறங்கினார். நம் கணக்கில் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. அந்தத் தளர்ச்சியில்தான் பிளாக் சாபத்தின் கனமான சத்தம் பிறந்தது. எங்கள் மாடியிலும் ஒன்றரைக் கட்டைதான். கம்பி தொங்கும், ஆம்ப் உறுமும், கீழே பட்டறை மேசையில் பாலிஷ் போட வைத்த கொலுசு தானாகச் சிணுங்கும். அதை நீ வந்து கேட்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை யோசிக்க எனக்கு இத்தனை வருடம் ஆனது. நாம் கல்லூரியில் புத்தகம் பார்த்துப் பழகிய பவர் கார்டு, ராக் கித்தாரில் ஒன்றாகச் சேர்த்து அடிக்கிற சுரக்கூட்டு, இருக்கிறதே, அதில் இருப்பது ச, ப, மேல் ச. அவ்வளவுதான். தம்புராவில் இருப்பதும் அதே பஞ்சமமும் ஷட்ஜமும். காந்தாரம் கிடையாது. அதனால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷனை, அந்த உறுமலை, கூட்டும்போது காந்தாரம் சேர்ந்தால் சத்தம் கலங்கிப்போகும், ச-ப மட்டும் கலங்காமல் நிற்கும். அந்த ச-ப மேடையில் ஐயோமி கொண்டுவந்து வைத்த பயங்கரச் சுரம் பிரதி மத்திமம். கல்யாணியில் நமக்கு அப்படி இனிக்கிற அதே சுரம்! "இங்கிலீஷ் பாட்டு நம் காதுக்கு எப்படி ஒட்டும்?" என்று அந்தக் காலத்தில் நம்மைக் கேட்டவர்களுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது.

டிரம்ஸ் பையன் அம்மாப்பேட்டை. விசைத்தறி ஓடுகிற வீடு. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கியவன், தறி நின்றால்தான் விழிப்பான் என்று அவன் அம்மா சொல்கிறார். ஆடியில் வண்டி வேடிக்கைக்குப் பம்பைக்காரர்கள் பின்னாலேயே தெருத்தெருவாக நடப்பான். அவன் வழிபடுவது லெட் செப்பலின் பேண்டின் டிரம்மர் ஜான் பான்ஹமை. ஆனால் எனக்கென்னவோ அவன் கை பிளாக் சாபத்தின் டிரம்மர் பில் வார்டுக்குத்தான் நெருக்கம். வார்டு பழைய பெரிய ஜாஸ் பேண்டுகளின் ஜீன் க்ரூப்பாவைக் கேட்டு வளர்ந்தவர். அதனால் எவ்வளவு கனமாக அடித்தாலும் உள்ளே ஒரு ஊஞ்சல் ஆடும். இவனிடம் அந்த ஊஞ்சல் பம்பையிலிருந்து வந்திருக்கிறது. இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

பான்ஹமின் ஒரு பதிவைப் பற்றி அவனுக்கு நான் சொல்லப்போய் ஒரு கூத்து நடந்தது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியில் மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள் என்று சொன்னேன். அடுத்த வாரமே நம் தெருக்கோடி ஜவுளி கோடவுனின் படிக்கட்டுக்கு அடியில் மொத்த டிரம்ஸையும் இறக்கிவிட்டான். இரண்டு மைக், ஒரு போன். ராத்திரி பதினொரு மணி. அந்தச் சத்தம் படி ஏறிப் போய் மேல்கூரையில் மோதித் திரும்பி வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பேஸ் வாசிக்கிற பெண் ஏற்காடு. அப்பா காப்பி எஸ்டேட்டில் வேலை. சனிக்கிழமைதோறும் பேஸ் கித்தாரை மடியில் அணைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் வருவாள். சர்ச்சில் பாடகர் குழுவோடு வாசித்துத் தொடங்கியவள். பேஸ் என்று ஒன்று தனியாகப் பேசும் என்று அவளுக்குக் காட்டியது இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸ். பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுமே, அது. பிறகு அயர்ன் மெய்டன் பேண்டில் பேஸ் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ். பிக் இல்லாமல் வெறும் விரலால், 'டங் டகு டங் டகு' என்று குதிரை ஓடுகிற மாதிரி. நீயும் நானும் 2007 மார்ச் 17இல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டனைப் பார்த்த கதையை அவளுக்கு நான் நான்கு முறை சொல்லியாகிவிட்டது. ஸ்பீக்கர் மேல் ஒரு காலை வைத்து பேஸைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி ஹாரிஸ் நீட்டியதும் நீ அழுதாயே, அதையும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே.

பாடுகிறவன் தமிழ் எம்.ஏ. படிக்கிறான். இவனைப் பற்றித்தான் உனக்கு அதிகம் எழுத வேண்டும். "தமிழில் ஹார்ட் ராக் நிற்காது, நம் சொல்லெல்லாம் உயிரில் முடிந்து இழுபடும்" என்று எழுதியிருக்கிறாய். நானும் முப்பது வருடம் அப்படித்தான் நம்பினேன். இவன் வீட்டில் தாத்தா திருப்புகழ் பாடுவாராம். அருணகிரியாரின் 'தத்த தத்தன' சந்தம் பிள்ளை வயதிலேயே இவன் நாக்கில் ஏறிவிட்டது. ஒரு நாள் எனக்கு விளக்கினான். வல்லினம் இரட்டிக்கும்போது, க்க, ட்ட, த்த என்று வரும்போது, வாய் ஒரு கணம் அடைத்துத் திறக்கிறது. கித்தாரில் உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அடக்கி அடிக்கிறோமே, பாம் மியூட், இரண்டும் ஒரே காரியம் என்றான். தொல்காப்பியத்திலேயே வல்லெழுத்து மிகுந்து வருவதற்கு வல்லிசை வண்ணம் என்று பெயர் இருக்கிறதாம். ஆங்கிலத்தில் சொல்லின் அழுத்தம்தான் தாளத்தைத் தாங்கும், நமக்குக் குறிலும் நெடிலும் தாங்கும் என்கிறான். அதனால் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரி, அது முழுக்கக் குறிலும் வல்லினமும், கோரஸில் மட்டும் நெடில். அப்படி எழுதுகிறான். நம்பு பங்காளி, நிற்கிறது. இழுபடவே இல்லை.

குரலுக்கு அவன் குரு இரண்டு பேர். ஒருவர் பிளாக் சாபத்திலும் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ. சிறு வயதில் டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் ஊதிப் பழகிய மூச்சுதான் தன் குரலுக்கு அடிப்படை என்று சொன்னவர். இன்னொருவர் நாகூர் ஹனிபா. கேட்டதும் எனக்கு வியப்பு. ஆனால் யோசித்தால் சரிதானே? பொதுக்கூட்டத்தில் கடைசி வரிசை வரைக்கும் போய் விழுகிற அந்த வெண்கலக் குரலுக்கு ஆம்ப் எதற்கு?

கஷ்டம் இல்லாமல் இல்லை. போன மாசியில் ஒரு கல்லூரி விழாவில் இரண்டாவது பாட்டின் நடுவிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், 'ஒரே இரைச்சல்' என்று. மேடையிலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நமக்கு 1992இல் நடந்ததுதான், அதே மாதிரி. பிள்ளைகளுக்கும் நடக்க வேண்டுமா?

2025 ஜூலை 22 ராத்திரி பிளாக் சாபத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் போய்விட்ட செய்தி நமக்கு வரும்போது நள்ளிரவை நெருங்கிவிட்டது. பதினேழு நாள் முன்னால்தான், ஜூலை 5 அன்று, தான் வளர்ந்த ஆஸ்டன் பக்கத்து வில்லா பார்க் மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடி விடைபெற்றார். பிளாக் சாபத்தின் பழைய நால்வரும் சேர்ந்து மேடையேறி இருபது வருடம் ஆகியிருந்தது. செய்தி வந்த மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே மாடிக்கு வந்துவிட்டார்கள். நான் தட்டுவடை செட் வாங்கிப் போனேன், யாரும் தொடவில்லை. இறைச்சிக்கூடத்திலும் கார் ஹாரன் ஆலையிலும் வேலை பார்த்த பையன் அவர் என்று டிரம்ஸ் பையன் மெல்லச் சொன்னான். அப்புறம் வாசித்தார்கள். ஆஸியின் பாட்டு எதையும் வாசிக்கவில்லை. வாசித்தது எதை என்று கேள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன்.

நீ துபாய்க்குக் கிளம்பும்போது என்னிடம் விட்டுப்போன டிடிகே 90 கேசட் நினைவிருக்கிறதா? ஏ பக்கம் டீப் பர்ப்பிள். பி பக்கத்தில் உன் கிவ்சன் கித்தாரில் நாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்தது, நடுவில் உன் அம்மா காப்பி குடிக்கக் கூப்பிடுகிற குரலோடு. என் அலமாரியில் கிடந்ததை கித்தார்ப் பையன் எடுத்து, பழைய பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கேட்டிருக்கிறான். உன்னுடைய அந்த ரிஃபை அப்படியே ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் தமிழ் வரி. டிரம்ஸில் பம்பை நடை. அன்று சாயங்காலம் வாசித்தது அதைத்தான். யாரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என்று கேட்டாயே, உன்னையும்தான்.

ஒரே ஒரு சிக்கல். ரிஃப் மூன்றாவது முறை திரும்பி மேலே ஏறுகிற இடத்தில் டேப் அறுந்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன வந்தது என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அவர்களும் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், இட்டுக்கட்ட மாட்டோம், அண்ணனையே கேளுங்கள் என்கிறார்கள். தையில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் களத்தில் வாசிக்கப் போகிறார்கள். அதற்குள் வேண்டும். கித்தார் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாயால் பாடி போனில் அனுப்பு. இல்லையென்றால் லீவு போட்டுவிட்டு நீயே வா.

உன்,
பங்காளி