நோட்டீஸில் இரண்டு ‘இறுதி’ எதற்கு? கோடைக் கால்பந்துப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களில் கோடைக் கால்பந்துப் போட்டி நடத்தும் விழாக் குழு அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் உங்கள் நோட்டீஸ்கள் என் கடைக்கு வர ஆரம்பித்துவிடும். மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பேரிங் மாற்ற வருகிறவர்கள் கையோடு சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். இந்த வருடமும் நாலைந்து வந்தாயிற்று. மின்னொளி ஆட்டம், நுழைவுக் கட்டணம், ரொக்கப் பரிசு, ஆள் உயரக் கோப்பை, அன்பளிப்புத் தந்தவர்களின் ஃபோட்டோ எல்லாம் போக, அடியில் பொடி எழுத்தில் விதிமுறைகள். ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ சரி. அதற்கு அடுத்த வரி: ‘விழாக் குழுவினரின் முடிவே இறுதியானது.’

இரண்டில் எது இறுதி? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

18 வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கொடி பிடிக்கிறேன். லைன்ஸ்மேன். ‘உதவி நடுவர்’ என்று சொல்ல வேண்டுமாம். நம் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘யோவ் கொடி’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் நல்ல நாளில்.

போன மே மாதம் ஓர் ஊரில் அரையிறுதி. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அறுத்த வயலைத் தட்டி உருட்டிப் போட்ட மைதானம். நான் ஓடிய பக்கம் கோடே வரப்புதான். இரண்டாம் பாதியில் வெளியூர் அணிக்காரன் ஒருவன் நடுவிலிருந்து நீளமாக ஒரு பாஸ் போட்டான். என் பக்கம் நின்ற ஃபார்வர்டு ஓடிப்போய் எடுத்து, கீப்பரைத் தாண்டி உள்ளே தட்டிவிட்டான். பாஸ் காலை விட்டுக் கிளம்பியபோது அவனும் எதிரணியின் கடைசி டிஃபென்டரும் ஒரே வரிசை. டிஃபென்டரைத் தாண்டி கோல் பக்கம் நின்றிருந்தால்தான் ஆஃப்சைடு; அதனால் நான் கொடி தூக்கவில்லை. ரெஃப்ரி கோல் கொடுத்தார். பந்தை நடுவில் வைத்து ஆட்டம் மறுபடி தொடங்கி நாலு நிமிடம் ஓடியும் விட்டது.

அப்புறம் மைக்கில் ஒரு குரல்: “விழாக் குழு வீடியோவைப் பரிசீலித்ததில் அந்த கோல் ஆஃப்சைடு எனத் தெரியவருகிறது. கோல் ரத்து.”

எது அந்த வீடியோ? கோல் போஸ்டுக்குப் பின்னால், கார்னர் ஓரமாக நின்ற ஒரு பையன் செல்போனில் எடுத்தது. என்னிடமும் காட்டினார்கள். சுற்றிலும் முப்பது தலை, நடுவில் உள்ளங்கை அளவு திரை. அதில் ஃபார்வர்டு இரண்டடி முன்னால் நிற்கிற மாதிரிதான் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாஸ் அடித்தவன் அந்தப் படத்திலேயே இல்லை. பந்து வானத்தில் வரும்போதுதான் வீடியோவே ஆரம்பிக்கிறது. ஆஃப்சைடு என்பது பந்து வந்து சேரும்போது ஆள் எங்கே நிற்கிறான் என்ற கணக்கு அல்ல; கூட்டாளி பந்தைத் தொட்ட கணத்தில் எங்கே நின்றான் என்ற கணக்கு. அந்தக் கணம் இல்லாத வீடியோவில் ஆஃப்சைடு பார்ப்பது, ரீடிங் எடுக்காமல் கரண்ட் பில் போடுவது மாதிரி.

இன்னொன்று கோணம். நடவுக்குக் கயிறு பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கயிறு நேராக இருக்கிறதா என்று பார்க்க வயலின் மூலையில் நின்று சாய்வாகவா பார்ப்பீர்கள்? கயிற்றின் முனையில் குத்த வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பீர்கள். லைன்ஸ்மேன் கடைசி டிஃபென்டரின் நேருக்கு நேராக ஓடிக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். கார்னரிலிருந்து பார்த்தால் ஒரே வரிசையில் நிற்கும் இருவரில் பக்கத்தில் இருப்பவன் கோலுக்கு நெருங்கிவிட்ட மாதிரி தெரியும், தூரத்தில் இருப்பவன் பின்தங்கிய மாதிரி தெரியும். அந்த ஃபார்வர்டு இந்தப் பக்கம், டிஃபென்டர் அந்தப் பக்கம். செல்போன் காட்டியது அதைத்தான்.

இது லைன்ஸ்மேனுக்கும் பொருந்தும். வரிசையை விட்டு ஒரு மீட்டர் முன்னே பின்னே நின்றாலே எங்கள் கண்ணும் ஏமாறும். 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வே இதைப் பற்றியதுதான். வேகமும் சேர்ந்துகொள்ளும். ஃபார்வர்டு முன்னால் பாய்கிறான், டிஃபென்டர் எதிர்த் திசையில் ஏறி வருகிறான், ஆளுக்கு நொடிக்கு 7 மீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும் செல்போனில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவர்களுக்குள் ஒன்றரை அடி மாறிவிடும். நீங்கள் எந்தப் படத்தில் நிறுத்துகிறீர்களோ அதுதான் தீர்ப்பு என்றாகிறது. நிறுத்துகிற விரல் யாருடையது?

நான் தப்பே செய்ததில்லை என்று சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை த்ரோவிலிருந்து நேராக வாங்கியவனுக்குக் கொடி தூக்கினேன். த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலும் நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. ரெஃப்ரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. விசில் ஊதாமல் கையை மட்டும் ஆட்டி, கொடியை இறக்கச் சொன்னார். இந்தத் தப்பை இன்றைக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் செய்வதைக் கேட்கிறேன். முன்னால் நின்றாலே ஆஃப்சைடு என்று கத்துகிறவர்கள் மீதிப் பேர். நின்றால் மட்டும் குற்றமில்லை. ஆட்டத்தில் தலையிட வேண்டும், அல்லது எதிராளியை மறிக்க வேண்டும். ஒரே வரிசை என்றால் குற்றமில்லை, 1990-இலிருந்தே அப்படித்தான். வரிசை பார்க்கும்போது கை கணக்கில் வராது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் மட்டும் கூட்டத்திடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லீவில் வந்திருக்கும் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், அங்கே உள்ள மைதானங்களில் ஆட்டம் பார்த்தவர்கள், அவர்களுக்கு என்னைவிட விதி தெரியும்.

“உலகக் கோப்பையிலேயே வீடியோ பார்க்கிறார்கள், நாம் பார்த்தால் என்ன?” என்று அன்றைக்கு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். 2018 உலகக் கோப்பையிலிருந்து வீடியோ நடுவர் உண்டு. 2022-இல் கத்தாரில் கூரைக்கு அடியில் 12 கேமரா ஆளின் உடம்பில் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தது. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. முதல் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்தில் ஈக்வடார் போட்ட கோல் அப்படித்தான் ரத்தானது. அங்கே பார்ப்பது வீடியோ நடுவர்கள், கடைசியில் விசில் ரெஃப்ரியிடம். ரசிகரின் செல்போனை வாங்கி யாரும் பார்ப்பதில்லை. அவ்வளவு இருந்தும் 2023 செப்டம்பர் 30-இல் டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட சரியான கோல் போயிற்று. வீடியோ அறையில் இருந்தவர்கள் களத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ‘சரிபார்த்தாயிற்று’ என்று சொல்லிவிட்டார்கள். களத்திலோ ஆஃப்சைடு என்று கொடி தூக்கியிருந்தார்கள். தப்பு என்று தெரிந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு திரும்பிப் போக விதியில் இடமில்லை. அங்கே ரெஃப்ரிக்கே இல்லாத அதிகாரம் நம் ஊரில் மைக் பிடித்தவருக்கு எங்கிருந்து வந்தது?

வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. 2024 ஜூன் 11 ராத்திரி, மறுநாள் மேட்டூர் அணை திறப்பார்களா மாட்டார்களா என்று பேசிக்கொண்டே டீக்கடையில் இந்தியா - கத்தார் ஆட்டம் பார்த்தோம். சாங்தே கோலில் நாம் முன்னிலை. 73-வது நிமிடத்தில் பந்து கோல் கோட்டுக்கு வெளியே முழுதாகப் போனதை இழுத்துத் தட்டி கோல் ஆக்கினார்கள். டீ மாஸ்டருக்கே தெரிந்தது, ரெஃப்ரிக்குத் தெரியவில்லை. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. 2-1 என்று தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்தே வெளியேறினோம். அநியாயம்தான். ஆனாலும் நம் ஆட்கள் கடைசி விசில் வரை ஆடினார்கள். அதற்கு முந்தின வருடம் மார்ச்சில் பெங்களூருவில் அந்த ஊர் அணிக்காக சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து கேரளா பிளாஸ்டர்ஸ் பாதியில் வெளியேறியது. 4 கோடி ரூபாய் அபராதம், கோலும் அப்படியே நின்றது.

போன மே மாதம் அந்த வெளியூர் அணியும் வெளியேறியது. பெஞ்சில் இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார்கள், போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை ஒருவர் தோளில் கைபோட்டு, “நீங்க வயசானவர், கண்ணு தெரிஞ்சிருக்காது” என்று ஆறுதல் சொன்னார். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொடி பிடிக்க உள்ளூர் பையனை நிறுத்தாதீர்கள், பாவம், ராத்திரி அவன் வீட்டுக்குப் போக வேண்டும். கோடு போட சுண்ணாம்பு இன்னும் ஒரு மூட்டை வாங்குங்கள், மூன்றாவது ஆட்டத்தில் கோடே காணாமல் போகிறது. எழுவர் ஆட்டம் என்றால் ஆஃப்சைடு உண்டா இல்லையா என்று டாஸ் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஊருக்கு ஊர் மாறுகிறது. புகார் இருந்தால் ஆட்டம் முடிந்து எழுதி வாங்குங்கள், அடுத்த வருடம் அந்த நடுவரைக் கூப்பிடாமல் விடுங்கள். என்னையே கூப்பிடாமல் விட்டாலும் சரி.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அந்த இரண்டாவது வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஏற்கனவே அச்சாகிவிட்டதென்றால், காயிலில் நம்பர் போட கடையில் கறுப்பு மார்க்கர் வைத்திருக்கிறேன். நோட்டீஸ் கட்டுகளை அனுப்புங்கள், உட்கார்ந்து அந்த வரியை அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
வரப்போரம் ஓடும் ஒரு கொடிக்காரன்
மன்னார்குடி