கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற நினைக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

தை கடைசியில் கல்யாணம், மார்கழியில் புதுச்சேரிக்குப் போய், கண்ணாடி பவரை லேசரால் சரிசெய்யும் லேசிக் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், போனோம் வந்தோம் என்று முடிந்துவிடும் என்றும் எழுதியிருந்தாய். லேசர் ஓடுவது சில நொடிகள்தான், உண்மை. ஆனால் உன் கண்ணுக்கு அது ஒத்துவருமா என்பது ஆபரேஷன் அன்று தெரிகிற விஷயமல்ல. அதற்கு முன் நடக்கும் பரிசோதனையில்தான் தெரியும். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாட்டிக்குப் புரை எடுத்ததையும் நம் ஊரில் ‘லேசர் ஆபரேஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, உள்ளே செயற்கை லென்ஸ் வைப்பது. உனக்கு நடக்கப்போவது வேறு. கண்ணின் முன்னால் கண்ணாடிபோல இருக்கும் கருவிழியை, 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்சைமர் லேசரால் செதுக்குவார்கள். சுற்றியுள்ள திசு கருகாமல் இந்த லேசர் செதுக்கும் என்று 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில்தான் சோதித்தார்கள்.

அப்படிச் செதுக்கி எடுத்த திசு மறுபடி வளராது. எல்லாக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது.

கருவிழி நடுவில் சராசரியாக 540 மைக்ரான் தடிமன் இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லேசிக்கில் முதலில் சுமார் 110 மைக்ரான் ஆழத்தில் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறப்பார்கள். அதற்கு அடியில், ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்குவார்கள். உன் பவர் மைனஸ் ஐந்தரை. பவருக்கு 14 என்று வைத்தால் 77 மைக்ரான் போகும். உன் கருவிழி 540 என்றால், 110-ம் 77-ம் போக 353 மிஞ்சும். நிம்மதியாகச் செய்யலாம். அதுவே 480 என்றால் 293 தான் மிஞ்சும். அடியில் 250-க்குக் கீழே போகவே கூடாது, 300 இருப்பது நல்லது என்பது பொதுவான வரையறை. மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொட்டாலே யோசிக்க வேண்டும். 480-ல் அது 39 வந்துவிடுகிறது. ஒரே பவர் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குச் சரி என்றும் இன்னொருவருக்கு வேண்டாம் என்றும் சொல்வது இதனால்தான். உன் தோழிக்குச் செய்தார்கள் என்பதை வைத்து நீ எதையும் முடிவுசெய்ய முடியாது.

தடிமன் போதும் என்றாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். பென்டாகேம் போன்ற கருவியில் கருவிழியின் முன்புறம், பின்புறம் இரண்டையும் வரைபடமாக எடுப்பார்கள். கெரட்டோகோனஸ் என்று ஒரு நோய் உண்டு. கருவிழி மெலிந்து கூம்புபோல முன்னால் தள்ளும். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அது ஒளிந்திருக்கும் கண்ணில் லேசிக் செய்தால் கருவிழி மேலும் பலவீனமாகி, சில மாதத்திலோ சில வருடத்திலோ பார்வை கோணலாகிவிடும். லேசிக்கில் நான் மிகவும் அஞ்சுவது இந்த ஒன்றுக்குத்தான். சின்ன வயதிலிருந்தே அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் உனக்கு உண்டு. கேட்கிறார்களோ இல்லையோ, அதை நீயே சொல். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் அதையும் சொல்.

வரைபடம் சரியாக வர வேண்டுமானால் கான்டாக்ட் லென்ஸ் போடுவதை முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். நீ போடும் சாஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரத்துக்கும் மேல். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு மதியம் எடுத்த வரைபடத்தை நம்ப முடியாது.

பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கொண்டு போ. ஒரு வருடமாக பவர் அரைக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். கூடிக்கொண்டிருக்கும் பவருக்கு லேசர் செய்தால் மறுபடி கண்ணாடி வரும்.

கண் வறட்சியையும் பார்ப்பார்கள். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் சொருகி 5 நிமிடம் வைத்திருப்பார்கள். கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். 10 நொடிக்குக் குறைந்தால் அது பலவீனம். மூடி வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் வெட்டுப்படும், அதனால் ஆபரேஷனுக்குப் பின் வறட்சி கிட்டத்தட்ட எல்லோருக்குமே கூடும். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் சரியாகும், சிலருக்கு அதற்கு மேலும் நீளும். கல்யாணத்துக்காக முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதே. அது கண்ணை வறட்டும், நிறுத்திச் சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள்.

விழித்திரையைப் பார்க்க சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிப்பார்கள். மைனஸ் பவர் கண் நீளமானது, விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கலாம், ஓட்டைகூட இருக்கலாம். லேசிக் கண்ணாடியைத்தான் எடுக்கும், இந்த ஆபத்தை எடுக்காது. பிற்பாடும் கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, திரை விழுந்ததுபோல ஓரம் மறைந்தாலோ உடனே ஓட வேண்டும். பரிசோதனை அன்று, அந்தச் சொட்டு விட்டபின் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும். அண்ணனைக் கூட்டிப் போ, ஸ்கூட்டியில் போகாதே.

இப்போது தை மாதக் கணக்குக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் கருத்து. முகூர்த்த நாளில் ஹோமப் புகை, கண் மை, மேக்கப், இரவு முழுக்க விளக்கு வெளிச்சம் எல்லாம் இருக்கும். அதற்கு முன்னால் போகிப் புகை வேறு. கண் வறண்டு, இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும் காலத்தில் இதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே செய்வதென்றால் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும். இப்போது அது இல்லை. முகூர்த்தத்துக்கு லென்ஸ் போட்டுக்கொள், ஆபரேஷனைத் தள்ளிப்போடு. பின்னால் குழந்தை உண்டானால் பேறுகாலமும் பால் கொடுக்கும் காலமும் முடிந்து, இன்னும் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அந்த நாட்களில் பவரும் கண்ணீரும் மாறும்.

எந்த முறை என்பதைப் பரிசோதனையில் வரும் எண்கள் சொல்லும். கருவிழி சற்று மெலிந்து வடிவம் நன்றாக இருந்தால் பி.ஆர்.கே. செய்யலாம். அதில் மூடி கிடையாது, மேல்தோலை மட்டும் நீக்குவார்கள். மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுப்பார்கள். கருவிழி இடமே கொடுக்காவிட்டால், உள்ளே லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். இருக்கிறது. ‘உங்களுக்கு வேண்டாம்’ என்று ஒரு மருத்துவர் சொன்னால், சரி என்று சொல்லும் இன்னொரு இடத்தைத் தேடி அலையாதே. ஏன் வேண்டாம் என்று எண்ணோடு கேள்.

ஆபரேஷன் நாளைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. சென்ட், மல்லிப்பூ, கண் மை எதுவும் வேண்டாம். கொண்டை போட்டால் தலை மட்டமாகப் படியாது, பின்னலைப் பக்கவாட்டில் விடு. மரத்துப்போகச் சொட்டு மருந்துதான், ஊசி கிடையாது. மூடி வெட்டும்போது கண்ணைப் பிடித்து அழுத்துவதுபோல இருக்கும், சில நொடி பார்வை இருண்டுபோகும். முன்பே தெரிந்திருந்தால் அந்த நொடியில் பதற மாட்டாய். பிறகு மின்னும் புள்ளியையே பார்த்துக்கொண்டிரு. லேசான கருகல் வாடை வரும், கண் வெந்துபோகவில்லை.

அதன் பிறகுதான் பலரும் தவறு செய்கிறார்கள். முதல் நாலைந்து மணி நேரம் எரிச்சலும் நீரும் வரும், கண்ணை மூடித் தூங்கு. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதே. கசக்கினால் மூடி நகர்ந்து சுருங்கும், முதல் நாளில் அந்த ஆபத்து அதிகம். ஒரு வாரம் தூங்கும்போது கண் கவசம் கட்டு. மறுநாள் பரிசோதனைக்கு எக்காரணம் கொண்டும் போகாமல் இருக்காதே. ஸ்டீராய்டு சொட்டு பாட்டிலைக் குலுக்கி விடு, அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி கொடு. பாட்டில் முனை இமையில் படக்கூடாது. சொன்ன நாளுக்கு மேல் அந்தச் சொட்டை நீயே தொடராதே, கண் அழுத்தம் ஏறும்.

ஒரு வாரம் தலைக்குக் குளிக்காதே, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் கிடையாது. இது சடங்குக்குச் சொல்வதில்லை. குழாய்த் தண்ணீரில் இருக்கும் சில கிருமிகள் மூடிக்கு அடியில் தங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட நோயாகக் கிளம்பும். தேவனாம்பட்டினக் கடலில் முழுகுவதை ஒரு மாதம் தள்ளிவை, மாசி மகம் வந்தாலும் கரையிலேயே நில். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் சொன்னாலும் கண்ணில் விடாதே. முதல் நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, வெளிச்சம் தாங்காமல் போனாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மெடிக்கல் கடையில் சொட்டு வாங்கி விட்டுப் பார்க்காதே.

நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் போல உனக்கும் படிக்கிற கண்ணாடி வரும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த வரைபடம், பவர், தடிமன் எல்லாவற்றையும் பத்திரப்படுத்து. முதுமையில் புரை எடுக்கும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் உதவும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசிக் செய்திருப்பதைச் சொல், மெலிந்த கருவிழியில் அழுத்தம் குறைத்துக் காட்டும்.

கல்யாண வேலை முடிந்து, பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு கண்ணின் தடிமன் எண்ணையும் வரைபடத்தையும் எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா