எக்ஸ்ரே கேட்கும் முன் மூச்சை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சளி இருமலோடு கைக்குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோர் பலர், டாக்டர் நெஞ்சில் கருவியை வைக்கும் முன்பே "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமே டாக்டர்" என்கிறார்கள். எடுக்காமல் அனுப்பினால் சரியாகப் பார்க்கவில்லை என்று மனக்குறை வேறு. பினாங்கு கிளினிக்குகளில் இது அன்றாடப் பேச்சு.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வரும் இரைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் பிராங்கியோலைட்டிஸ். ஆர்எஸ்வி போன்ற வைரஸால் மெல்லிய மூச்சுக்குழல்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளும். இதற்கு வழக்கமாக எக்ஸ்ரே வேண்டியதில்லை. எடுத்தால், சளி அடைத்துச் சுருங்கிய பகுதிகள் வெள்ளைத் திட்டுகளாக விழுந்து நிமோனியா போலவே தெரியும். அதைப் பார்த்து, வைரஸை ஒன்றும் செய்யாத ஆன்டிபயாடிக் எழுதப்படும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

படம் எடுப்பதும் லேசல்ல. பெரியவர்கள் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் பிடிப்பார்கள். எட்டு மாதப் பிள்ளை வீறிட்டு அழும். அழுது மூச்சை வெளிவிடும் நொடியில் பட்டனை அழுத்திவிட்டால் நுரையீரல் வெளுத்தும் இதயம் பெருத்தும் விழும். உடம்பு சற்றுத் திரும்பினாலும் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுக்கும். போதாததற்கு இந்த வயதில் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி பெரிது. அதன் முக்கோண நிழலை நிமோனியா என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. கதிர்வீச்சுக்குப் பயந்து இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு நெஞ்சுப் படத்தில் படுவது, சில நாட்களில் இயற்கையாகவே நம் மேல் படும் அளவுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக 60 வினாடி மூச்சை எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக வராது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2 மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேக மூச்சு. காய்ச்சலிலும் மூச்சு கூடும், தணிந்ததும் மறுபடி எண்ணுங்கள். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, வழக்கத்தில் பாதிப் பால்கூட இறங்காவிட்டாலோ அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உதடு நீலம் பாய்ந்தால் 999.

எக்ஸ்ரே தேவைப்படும் நேரமும் உண்டு: ஆக்சிஜன் குறைந்த பிள்ளை, மருந்துக்கு அடங்காத நிமோனியா, வீட்டில் யாருக்காவது காசநோய். இன்னொன்று புரையேறல். கச்சாங் பூத்தே (கடலை வகை நொறுக்குத்தீனி) தின்றபடி ஓடிய பிள்ளைக்குத் திடீரென்று புரையேறி, இருமி, அடங்கிவிடும்; சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் இரைப்புக் கேட்கும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. காற்று உள்ளே போய் வெளிவர முடியாமல் அந்தப் பக்கம் கறுத்து உப்பியிருக்கும், அவ்வளவுதான். அதுவும் மூச்சை வெளிவிடும்போது எடுத்த படத்தில்தான் நன்றாகப் பிடிபடும். மற்ற நேரம் நாம் வேண்டாம் என்கிற அதே படம்! படம் சுத்தமாக இருக்கிறதென்று நிம்மதியடைந்துவிடாமல், புரையேறியதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மூச்சுக்குழலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

எடுப்பதென்று ஆனால் தாயத்து, சங்கிலி, ஊக்கு, உலோகப் பட்டன் வைத்த சட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கறுப்புக் கயிற்றின் முடிச்சுகூடச் சில நேரம் நிழலாக விழும். ஈயக் கவசம் அணிந்த ஒருவர் பிள்ளையின் இரு கைகளையும் காதோரம் உயர்த்தி, தலை திரும்பாமல் பிடிக்க வேண்டும். கர்ப்பிணித் தாய் உள்ளே வரவேண்டாம், அப்பாவோ பாட்டியோ வரட்டும். எக்ஸ்ரே அறை வாசலில் இவற்றைத் தமிழிலும் எழுதி ஒட்ட மருத்துவமனைகள் முன்வந்தால், ஒரே பிள்ளைக்கு இரண்டாம் முறை படம் எடுக்கும் வேலை குறையும்.

எக்ஸ்ரே பிரிவு ஊழியர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு