விளையாட்டுக் கார் அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த அடுத்த தலைமுறை ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய கட்டுரையின் கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். "கியர் மாற்றும் தொல்லையிலிருந்து சாரதிகளுக்கு இனி விடுதலை." தொல்லையாம்! கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் முப்பத்தெட்டு வருடம் கிளச் பிளேட் மாற்றியவன் நான். அந்தத் தொல்லைக்காகவே கடன்பட்டுக் கார் வாங்கி, வீட்டில் ஏச்சும் வாங்கியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அதில் ஒருவரையாவது உங்கள் கட்டுரையாளர் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

அது போகட்டும். கட்டுரை முழுக்க "விளையாட்டுக் கார்" என்றே எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்த என் பேரன், "அப்பப்பா, இதுக்கு ரிமோட் எங்க?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது? முன்பொரு முறை டேர்போவை "பெற்றோலை இரட்டிப்பாக்கும் கருவி" என்று இதே பக்கத்தில் போட்டீர்கள். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் அதன் வேலை என்று இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் கடிதப் பகுதியில் மாசிச் சம்பல் செய்முறை வந்திருந்தது. சம்பல் நன்றாகத்தான் இருந்தது.

1989இல் மஸ்டா கொண்டுவந்த எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் உங்களுக்குத் தெரியாததல்ல. பம்பலப்பிட்டி டொக்டர் ஒருவரிடம் அந்த முதல் மொடல் இருந்தது. நுவரெலியாவுக்குப் போன இடத்தில் கிளச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. சாமான் பையோடு பஸ் ஏறிப் போனேன். கீழே இருக்கும் சின்னச் சிலிண்டரில் ஒயில் ஒழுக்கு. அந்தக் காருக்கு இது வழமையான வியாதி. அதை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, பின்னேரம் ரம்பொடை மலைப்பாதை வழியாக நானே ஓட்டி இறக்கினேன். எஞ்சின் வெறும் 1.6 லீற்றர், எடை ஆயிரம் கிலோவைத் தொடாது. கியர்த் தண்டு சாண் அளவுதான். கையை அசைக்கத் தேவையில்லை, மணிக்கட்டே போதும். வளைவு வரும்போது பெருவிரல் பக்கத்தால் பிறேக்கை மிதித்தபடியே பாதத்தின் மற்றப் பக்கத்தால் அக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால், ஒரு சின்ன உறுமல், பிறகு "க்ளிக்" என்று உட்காரும். மணிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனாலும் கம்பளை வரும்வரை தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். அதுவா தொல்லை?

நான் மின்சாரக் காருக்கு எதிரி இல்லை. மருமகனின் நண்பர் ஒருவர் கொள்ளுப்பிட்டியிலிருந்து காலி வீதியில் ஏற்றிவந்தார். அழுத்தியதும் தலை சீட்டில் போய் இடித்தது. முதல் தரம் அதிசயம், மூன்றாம் தரம் கழுத்துவலி. வேகத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் எடையிலும் பாசாங்கிலும்தான். ஹூண்டாயின் "ஐயோனிக் 5 N" என்ற மின்சாரக் கார் அறுநூறுக்கு மேல் குதிரைவலு கொண்டது, ஆனால் எடை இரண்டு தொன்னுக்கும் மேல். ரம்பொடை வளைவில் அத்தனை பாரமும் வெளிப்பக்கம்தான் இழுக்கும். டயரும் பிறேக்கும் அதற்குக் கூலி கொடுக்கும். மாற்றுவதற்குக் கியரே இல்லாத அந்தக் காரில், மாற்றுவதுபோல ஒரு குலுக்கலையும் ஸ்பீக்கரில் உறுமலையும் வைத்திருக்கிறார்கள். 2025இல் ஹொண்டா திருப்பிக் கொண்டுவந்த பிரெலூட் என்ற ஹைபிரிட் (பெற்றோலும் மின்சாரமும் கலந்த) காரிலும் இந்தக் கூத்து உண்டு. பாணுக்குச் சம்பல் வைக்காமல் சம்பல் வாசம் மட்டும் தெளித்துத் தருவது மாதிரி. சரி, கியர் தொல்லை என்றால் கம்பனிக்காரன் எஞ்சினியர்களுக்குச் சம்பளம் கொடுத்து அந்தத் தொல்லையை ஏன் போலியாகச் செய்து விற்கிறான்? இதைக் கேட்பதற்குத்தானே ஒரு பத்திரிகை?

நம்பிக்கை இல்லாமலும் இல்லை. 2023இல் டோக்கியோவில் மஸ்டா காட்டிய ஐகானிக் எஸ்பி வெறும் கண்காட்சிக் கார்தான். என்றாலும் ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண உருளை சுழலும் எஞ்சின்) மின்சாரம் உண்டாக்க வைத்து, எடையை 1,450 கிலோவில் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எங்களைப் போன்றவர்கள் இன்னும் காத்திருக்கிறோம். போர்ஷ்கூட தன் 718 ஸ்போர்ட்ஸ் காரின் அடுத்த தலைமுறை மின்சாரம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, மேல் மொடல்களுக்குப் பெற்றோல் எஞ்சினும் உண்டு என்று பிறகு பின்வாங்கியது. உங்கள் கட்டுரையில் இதில் ஒரு சொல் இல்லை. உள்ளே எத்தனை அங்குலத் திரை என்பதற்கு மட்டும் முழுப் பந்தி.

நாங்கள் வாங்கப்போகிறோமா என்று நீங்கள் சிரிக்கலாம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவில் பெற்றோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவான சிசி கணக்கில் வரி, மின்சாரக் காருக்கு மோட்டார் வலுவான கிலோவொட் கணக்கில் வரி. அறுநூறு குதிரைவலுவுக்கு என்ன வரும் என்பதைக் கட்டுரையாளரே கணக்குப் பார்க்கட்டும். வாங்க முடியாதவன்தான் ஐயா ஒரு வரி விடாமல் வாசிப்பான். வாங்கக்கூடியவருக்கு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து விளக்குவார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனிமேல் எந்தக் காரைப் பற்றி எழுதினாலும் கீழே கட்டத்தில் இரண்டு விடயம் சேர்த்துப் போடுங்கள்: எத்தனை கிலோ, கிளச் பெடல் உண்டா இல்லையா. திரையின் அளவைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக்,
வெள்ளவத்தை.

பி.கு.: "டொயோட்டா ஜிஆர்86" என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். அதுவும் சுபாரு பிஆர்இசட்டும் இரட்டைப் பிள்ளைகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் நின்றது சுபாரு. முன்னுக்கு அந்தக் கம்பனியின் சின்னமான ஆறு நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது.