அருவிக்கும் சீசன் உண்டு: வெளிநாட்டுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

சித்திரை வெயிலில் குற்றாலத்துக்கு வேன் விட்டு, வெறும் பாறையைக் காட்டினால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். ஆனால் தீபாவளி லீவை ஒட்டி "விக்டோரியா அருவி" என்று பாக்கேஜ் விற்கிறபோது யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் அந்த அருவியாக விழும் ஜாம்பேசி ஆறு வற்றிக் கிடப்பது அந்த அக்டோபர், நவம்பரில்தான்.

மேல்பகுதியில் நவம்பர் முதல் மழை பெய்தாலும், அந்தத் தண்ணீர் பரோட்சே வெள்ளச் சமவெளியில் பரந்து நின்று மெதுவாகத்தான் இறங்கும். அதனால் உச்சம் ஏப்ரலை ஒட்டி வருகிறது. 1,708 மீட்டர் அகல அருவியில் வறட்சி மாதங்களில் ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் மொட்டைப் பாறை. ஆற்றுப்படுகை தாழ்ந்திருக்கும் ஜிம்பாப்வே பக்கம் அப்போதும் விழும். ஆகவே தீபாவளிக்குத்தான் போவோம் என்பவர்களை ஜிம்பாப்வே பக்கம் தங்கவையுங்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறையில் சிக்கல் தலைகீழ்: தண்ணீர் கொட்டும், ஆனால் எழும்பும் சாரல் அருவியையே மறைத்துவிடும். மழைக்கோட்டும் கைப்பேசிக்கு உறையும் இல்லாமல் இறக்கிவிடாதீர்கள். நீரும் காட்சியும் சேர்ந்து வாய்ப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

இரண்டு பக்கமும் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, ஒருமுறை மட்டும் நுழையும் விசா எடுத்துக்கொடுப்பது இன்னொரு தவறு. இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டியதும் அது தீர்ந்துபோகும். இன்னொரு விசா இல்லாமல் திரும்பி ஓட்டலுக்கு வர முடியாது.

நயாகராவில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் நேரம் பார்த்துப் போகவேண்டும். மின்நிலையங்களுக்குத் திருப்பியது போக அருவிக்கு விடவேண்டிய அளவை அமெரிக்க–கனடா ஒப்பந்தம் 1950லேயே வகுத்துவிட்டது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 முதல் இரவு 10 வரையும், பிறகு அக்டோபர் 31 வரை காலை 8 முதல் இரவு 8 வரையும் நொடிக்குக் குறைந்தது 1 லட்சம் கன அடி. மற்ற நேரமெல்லாம் 50 ஆயிரம் போதும். மேட்டூர் அணைச் செய்தி படிக்கிற நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் சட்டென்று புரியும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்குப் படகும் கிடையாது. அதை விளம்பரத்தில் பொடி எழுத்தில் போடாதீர்கள்.

அமெரிக்காவின் யோசெமிட்டி அருவி ஆகஸ்டில் பெரும்பாலும் காய்ந்துவிடும். மே மாதம் நல்லது. வெனிசுவேலாவின் 979 மீட்டர் ஏஞ்சல் அருவிக்கு மழைக்காலத்தில்தான் படகு போகும். அங்கே வறண்ட மாதங்களில் ஆற்றில் படகு தரைதட்டும்.

பிரேசில்–அர்ஜென்டினா எல்லையிலுள்ள இகுவாசு அருவிக்கு அரை நாள் ஒதுக்கி, பிரேசில் பக்கத்தை மட்டும் காட்டித் திரும்புகிறீர்கள். முழு அகலத்தையும் எட்டி நின்று பார்க்க அந்தப் பக்கம் சரிதான், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். ஆனால் அருவிகளில் பெரும்பகுதி அர்ஜென்டினா பக்கம். மேல் சுற்று, கீழ்ச் சுற்று நடைபாதைகள், பூங்கா ரயில், அதன்பின் "சாத்தானின் தொண்டை" என்ற பெரிய அருவிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாலம்: இதற்கு ஒரு முழு நாள் வேண்டும். 2022 அக்டோபர் வெள்ளம் அந்த நடைபாலத்தைச் சிதைத்ததில் அது பல மாதம் மூடிக்கிடந்தது. ஆகவே முன்பணம் வாங்குமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், ஒரு நாளை உபரியாக வையுங்கள்.

போகும்போது தெரியாமல், திரும்பும்போது மாட்டிவிடும் விஷயம், கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. பிரேசிலிலிருந்தோ அர்ஜென்டினாவிலிருந்தோ கிளம்பி 6 நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட் வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது கடந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும். பாட்டி, தாத்தாவோடு குடும்பமாகப் பதிவு செய்கிறவர்களிடம் இதை டிக்கெட் போட்ட பிறகு சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அருவிப் பயணங்களுக்கு நாள் குறித்துக்கொடுப்பவர்கள்